சோப்புத்தண்ணி குடித்த செடி

அந்த வருடம் சித்திரையில் ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் பேசத் தொடங்கியபோது எங்கள் மூணாம் லைனில் யாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அது கொழுந்து மண்டிக்கிடந்த பருவம், இன்றைக்குக் கிள்ளாவிட்டால் நாளைக்கு முற்றிப்போகும், அதோடு அந்தப் பூக்கள் பேசியதில் புதிதாக ஒன்றும் இல்லை, போன வருடம் அந்தந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் பேசியதைத்தான் அதே குரலில் அதே வேளையில் திருப்பிப் பேசின, நாங்கள் பேசியதை நாங்களே இன்னொரு தரம் கேட்க அப்படி என்ன அவசரம் என்று கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டோம். சாயங்காலம் இறங்கி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தன. பேசிவிட்டுப் போகட்டும் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனோம்.

எங்கள் எஸ்டேட் கோத்தகிரிக்கு மேலே, மேகம் வாசல் வழியாக வந்து அடுப்படி வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற உயரத்தில் இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவுக்கு இங்கே குறைச்சல் இல்லை. மேனேஜர் பங்களாவைச் சுற்றி வேலி மாதிரி நிற்கும், ஒவ்வொரு கொத்தும் பச்சைப்பிள்ளையின் தலை பருமன் இருக்கும், பேர் வாயில் நுழையாதவர்கள் பங்களாப்பூ என்பார்கள். பங்களாவிலிருந்து அது நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு இறங்கி வந்தது தோட்டக்கார வேலாயுதத்தால். அங்கே கழித்துப்போடுகிற குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கண்டவர் வாசலிலெல்லாம் நட்டுவைப்பார். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் எல்லோரும் மொய்க்கவரை நீட்டுகிற இடத்தில் அவர் ஒரு குச்சியை நீட்டுவார். வாங்கியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அது பூத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் வீட்டு வாசல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. லைன் வீட்டுக்கு முன்னால் என்ன இடம் இருந்துவிடப் போகிறது, ஒரு பாய் விரிக்கிற அகலம். அதில் அவர் மண் கண்ணுக்குத் தெரியாமல் செடி வைத்திருந்தார், மிச்சத்தைப் பெயிண்ட் டின்னிலும் எண்ணெய் டப்பாவிலும் வைத்துக் கூரையின் விளிம்பு வரை ஏற்றியிருந்தார். அத்தனையும் நீலம். நீலத்தின் மேல் அந்த மனிதருக்கு ஒரு வெறி. எங்கள் மண்ணே புளித்த மண், அமிலம் கூடினது, அதில் இந்தப் பூ தானாகவே நீலமாகத்தான் வரும், ஆனால் வேலாயுதத்துக்கு அந்த நீலம் போதாது. தேயிலைச் சக்கையைப் போடுவார், துருப்பிடித்த ஆணிகளைப் புதைப்பார், படிகாரத்தைக் கரைத்து ஊற்றுவார். மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஒரு நிறம் வருகிற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வராது.

எல்லோருக்கும் அவர் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தச் செடி புதுத்துளிரில் பூக்காது, இந்த மழையில் வளர்கிற தண்டு பனிக்காலம் முழுக்கத் தூங்கி அடுத்த கோடையில்தான் பூவைத் தூக்கிக் காட்டும், அதனால் குச்சி காய்ந்த மாதிரி நின்றாலும் கையை வைக்காதே என்பார். நாங்கள் காதில் வாங்கவில்லை. நாங்கள் தேயிலைக்காரர்கள், எங்களுக்குத் தெரிந்தது கவாத்து. தேயிலையை எவ்வளவு வெட்டினாலும் வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும், கத்தி படாத செடி காட்டுமரமாகிப்போகும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த புத்தி.

மனிதர்களிடம் வேலாயுதம் அதிகம் பேசமாட்டார். எல்லாப் பேச்சையும் செடிகளுக்கென்று சேர்த்துவைத்திருந்தார். அவர் மனைவி செல்லாயி எங்களோடு கொழுந்து எடுக்கிறவள், மெல்லிய குரல், பக்கத்து வரிசையில் நிற்கிறவளுக்கே அவள் சொன்னது பாதிதான் கேட்கும். பிள்ளை இல்லை. அந்தக் குரலில் அவள் தினமும் இரண்டு வேளை பின்வாசலிலிருந்து புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அவர் முன்வாசலில் செடிக்குள் தலையை விட்டபடி, வாரேன் என்பார். வரமாட்டார். மறுபடி கூப்பிடுவாள், மறுபடி வாரேன் என்பார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் சூடான சோறு சாப்பிட்டதே இல்லை என்பது லைனில் ஒரு பழைய கேலி.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், செல்லாயிக்கென்று ஒரே ஒரு செடி இருந்தது. வேலாயுதம் ஒடிந்துபோனது என்று வீசிய குச்சியை அவள் எடுத்து ஊன்றியது. துணி துவைத்த சோப்புத்தண்ணியும் அடுப்புச் சாம்பலும் அதன் தலையிலேயே கொட்டியதில் அது புளிப்பையெல்லாம் மறந்து ரோஸ் நிறத்தில் பூத்தது. அவருக்கு அது பெரிய மானக்கேடு.

"சோப்புத்தண்ணி குடிச்ச செடி. அத புடுங்கிப் போடு செல்லாயி, பாக்கவே சகிக்கல" என்பார்.

"அது பாட்டுக்கு ஓரமா நிக்குது, உங்கள என்ன பண்ணுது" என்பாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பூக்கள் பேசுவதற்கு முந்தின மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக் குடித்தாள், மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், போன வண்டியிலேயே திரும்ப வந்துவிட்டாள். வேலாயுதம் அழவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்தார், மறுநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். கல்லுக்குக்கூட ஈரம் கசியும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அன்றிலிருந்து அவர் செடிகளிடமும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுத் தவசி ஒருநாள் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விசாரித்தான். தவசி கவாத்துக்காரன், எஸ்டேட்டிலேயே அவன் கைக்கு இணை கிடையாது, அவன் வெட்டிவிட்ட செடிகளின் மேல் தண்ணீர்த் தட்டை வைத்தால் சிந்தாமல் நிற்கும், அவ்வளவு மட்டம். அவன் பெண்டாட்டி பூங்காவனம் வேலாயுதத்தை அண்ணன் என்று கூப்பிடுவதால் இவனுக்கு அவர் மச்சான்.

"மச்சான், மனசு எப்படி இருக்கு?"

"மரத்துப்போச்சு மாப்ள" என்றார் வேலாயுதம். "பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி. வாயி இருக்கு, ஆனா என் வாயி மாதிரி இல்ல. இப்ப நீ குடுத்த டீ சூடா இருந்துச்சா, ஆறியிருந்துச்சா, எனக்குத் தெரியல."

தவசி மனசு கேட்காமல் திரும்பினான். இந்த மனுஷனுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று யோசித்தவனுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். முப்பதாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், பின்பக்கம் கால் வைக்க இடமில்லாமல் அந்த ரோஸ் செடி காய்ந்த குச்சியாக மண்டிக்கிடக்கிறது, அதை ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று வேலாயுதம் பங்களாவுக்குப் போயிருந்த நேரத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். தேயிலைக்குக் கொடுக்கிற மாதிரியே முழங்காலுக்குக் கீழே, மேசை போட்ட மாதிரி மட்டமாக, ஒரு நார் தொங்காமல் சுத்தமாக வெட்டிவிட்டான். அதைவிட அழகான கவாத்தை அவன் தன் ஆயுளில் செய்ததில்லை. வெட்டின குச்சிகளைக் கட்டி அடுப்புக்குக் கொடுத்தாள் பூங்காவனம்.

திரும்பிவந்த வேலாயுதம் அதைப் பார்த்தார். பழைய வேலாயுதமாக இருந்தால், பழைய தண்டில் கை வைக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன் என்று குதித்திருப்பார். இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"போகட்டும் மாப்ள. அது பூத்து யாருக்கு ஆகப்போகுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் சித்திரை வந்தது, பூக்கள் பேசின.

காரணம் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும் கொஞ்சம் யோசித்தார். பூங்காவனம், "பழைய தண்டுல பூக்குறது பழசத்தானே சார் பேசும்" என்று சொன்னதும் அவரும் சரிதானே என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பூவின் காது சின்னது, கையெட்டுகிற தூரத்தில் நடந்த பேச்சும் சத்தமும்தான் அதில் ஏறியிருந்தன என்பதை மட்டும் போகப்போகத் தெரிந்துகொண்டோம். கொத்து விரிந்தால் பேசும், வாடினால் நின்றுபோகும்.

முதலில் அகப்பட்டவர் ஃபீல்டு ஆபீசர். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வேலாயுதம் எப்போதோ வைத்த செடி ஒன்று, தினமும் நாங்கள் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு, "இந்த ஐப்பசிக்குள்ள எல்லா வீட்டுக்கும் கூரைத் தகரம் மாத்திக் குடுத்துடறேன், இது என் வாக்கு" என்று ஆபீசரின் குரலிலேயே கனைத்துவிட்டுச் சொல்லும். ஆபீசர் சில நாள் செருமிப் பார்த்தார், விசில் ஊதிப் பார்த்தார். பூவைப் பறிக்கலாம் என்று கையை நீட்டினால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் லாரியில் தகரம் வந்து இறங்கியது. சங்கம் கொடி பிடித்தும் வராத தகரம், ஒரு பூ கனைத்ததில் வந்தது.

மாமியார் மருமகள் சண்டை ஓயாத வீட்டில் இரண்டு பேரும் அவரவர் குரலைக் கேட்டுவிட்டு, நானா இப்படிக் கத்தினேன் என்று ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி, குழந்தை போன வருடம் அழுத அழுகையைப் பூவில் கேட்டு, மடியில் தூங்குகிற அதே குழந்தையை எழுப்பி எழுப்பிப் பார்த்தாள். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன பையன் ஒருவனின் அம்மா மட்டும் விடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "அம்மா, என் நீலச் சட்டை எங்க?" என்று பூ கேட்கும். "கொடியில கெடக்கு பாரு" என்று தினமும் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், பூவின் வாயை மூடப் பிளாஸ்டிக் பை கட்டியவர்களும் இருந்தார்கள். அது பைக்குள்ளிருந்து முணுமுணுத்தது, அடுத்த வீட்டுக்காரர்கள் காதை நீட்ட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாளடைவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சண்டை போட வேண்டும் என்றால் செடி இல்லாத பக்கம் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள், நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் செடிப்பக்கம் நின்று சொன்னார்கள்.

வேலாயுதத்தின் வாசலில்தான் பேச்சு வெள்ளமாகப் பெருகியது. அத்தனை கொத்து, அத்தனையிலும் ஒரே குரல், அவர் குரல். "தண்ணி போதுமா ராசாத்தி?" "ஏன் கண்ணு வாடியிருக்க, ராத்திரி குளிரிடுச்சா?" "உன் அழகுக்கு இந்த ஊருல யாரு இருக்கா?" என்று காலை முதல் சாயங்காலம் வரைக்கும் கொஞ்சல். நாங்கள் கூடையை இறக்கிவைத்து நின்று கேட்டோம். முதலில் சிரித்தோம். கேட்கக் கேட்கப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மத்தியானமும் பொழுது சாய்கிற வேளையிலும் எல்லாக் கொத்தும் கொஞ்சலை நிறுத்திவிட்டு, யாருக்கோ, எரிச்சலும் இல்லாமல் அன்பும் இல்லாமல், "இந்தா வாரேன்" என்று சொல்லும். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இந்தா வாரேன்." யாருக்குச் சொல்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பூங்காவனத்தால்தான் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, இம்புட்டு ராசாத்தி சொன்னீங்களே, அதுல ஒண்ணே ஒண்ண அவளுக்குக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

வேலாயுதம் அவளைப் பார்த்தார். அவள் சொன்னது எங்கேயோ தூரத்தில் யாருக்கோ விழுந்த அடி மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். ஆனால் மறுநாள் அவர் பங்களாவுக்குப் போகவில்லை. லைன் லைனாக, தான் நட்டுக்கொடுத்த ஒவ்வொரு செடியாகப் போய் நின்றார். குழாயடிச் செடியிடம் நின்றார், குழந்தைக் காப்பகத்துச் செடியிடம் நின்றார், மாரியம்மன் கோயில் படிச் செடியிடம் நின்றார். எங்கள் எல்லோருடைய பேச்சும் இருந்தது. செல்லாயியைப் பேர்சொல்லிக் கூப்பிட்டவர்களின் குரல்கூட இருந்தது. அவள் குரல் எந்தப் பூவுக்கும் எட்டவில்லை. அவ்வளவு மெல்லப் பேசுகிறவள், எதன் பக்கத்திலும் அதிக நேரம் நிற்காதவள்.

சுற்றிவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தவரிடம் பூங்காவனம் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று நின்று, கடைசியில் சொன்னாள்.

"அவ எங்கயும் பேசலண்ணே. பேசினதெல்லாம் பின்னாடி, துணி தொவைக்கிற எடத்துலதான். அந்தச் செடிகிட்ட தெனமும் என்னமோ சொல்லிக்கிட்டே இருப்பா. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு முணுமுணுப்புதான் கேக்கும், வார்த்த வெளங்காது."

வேலாயுதம் எழுந்து பின்னால் போனார். நாங்களும் போனோம். ரோஸ் செடி மேசை மட்டத்திலிருந்து செழித்து எழுந்து நின்றது. பச்சைப்பசேலென்று புதுத்துளிர், இடுப்பு உயரத்துக்கு. ஒரு மொட்டு இல்லை. எங்கிருந்து வரும், மொட்டு வைத்த தண்டெல்லாம் தை மாதமே அடுப்பில் எரிந்துவிட்டது, அவளுடைய முப்பதாம் நாளுக்குச் சமைத்த பாயசத்துக்கு விறகாகிவிட்டது. தவசி கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்து தலையைக் குனிந்தவன்தான் பார்த்தான், கல்லுக்கு அடியில், தண்ணீர் வழிந்தோடுகிற சந்தில், படுத்த வாக்கில் ஒரு பழைய தண்டு. கத்திக்கு எட்டாமல் கல்லின் நிழலில் ஒளிந்துகொண்டிருந்தது. நுனியில் பயறு அளவுக்கு ஒரு மொட்டு.

"மச்சான்" என்றான். விரலை நீட்டிக் கல்லுக்கு அடியில் காட்டினான்.

அதன்பிறகு அந்த மொட்டு எங்கள் லைனின் மொட்டு ஆகிவிட்டது. காட்டெருமை இறங்கி மேய்கிற ஊர் இது, போன வருடம் ஒரு வீட்டு முட்டைக்கோஸ் முழுவதையும் தின்றுவிட்டு வாசலிலேயே படுத்துத் தூங்கிய எருமை ஒன்று உண்டு, அதனால் பின்பக்கத்துக்கு மூங்கில் தட்டி கட்டினோம். ஆலங்கட்டி மழை வரும் என்று தகரத்தில் மிச்சமானதைக் கொண்டுவந்து கல்லுக்கு மேலே சாய்த்து வைத்தார் ஃபீல்டு ஆபீசர். ஆட்டை அவிழ்த்துவிடாதே என்று ஆடு இல்லாதவர்களையும் எச்சரித்தோம். தவசி வேலை முடிந்து வந்ததும் தட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பான், கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு.

வேலாயுதம் என்ன செய்தார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பூ பேசியதற்கு ஆச்சரியப்படாத நாங்கள் இதற்கு ஆச்சரியப்பட்டோம். அவர் துணி துவைத்தார். அந்தச் செடிக்குப் பழகின ருசி சோப்புத்தண்ணி, அதை நிறுத்தினால் கோபித்துக்கொள்ளும் என்று, படிகாரத்தைத் தொடாமல், தேயிலைச் சக்கையை அந்தப் பக்கமே கொண்டுபோகாமல், தினமும் காலையில் கல்லின் முன்னால் குந்தித் துவைத்தார். அவருக்கு இருந்ததே இரண்டு வேட்டி. அது முடிந்ததும் பெட்டியைத் திறந்து செல்லாயியின் சேலைகளை எடுத்துத் துவைத்தார். சுத்தமான சேலைகளையே மறுபடி மறுபடி துவைத்துக் கொடியில் போட்டார். அவளுடைய சேலைகள் வரிசையாகக் காற்றில் ஆடுவதைப் பார்க்க மாட்டாமல் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பூங்காவனம் கொண்டுவந்து வைக்கிற சோற்றை அவர் எப்போது சாப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது. தட்டு மூடி வைத்தபடியே இருக்கும், பிறகு எப்போதோ காலியாகிவிடும்.

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் மொட்டு விரிந்தது. நோஞ்சான் பூ, உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் ரோஸ் நிறம்தான். விரிந்ததும் பேசவில்லை. காலையில் துணி அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது, தொப்பு தொப்பென்று, நடுவில் ஓர் இருமல். அந்த இருமலுக்கே பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. வேலாயுதம் பழக்க தோஷத்தில் முன்வாசலில் நீலச் செடிகளுக்கு நடுவே களைக்கொட்டோடு குந்தியிருந்தார். கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. அப்போது பின்வாசலிலிருந்து, வீட்டைக் கடந்து, அந்த மெல்லிய குரல் வந்தது.

"ஏங்க, சோறு ஆறுது."

அவர் தலையைத் தூக்குவதற்கு முன்னால் அவர் காதோரத்தில் நீலப்பூக்கள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லின.

"இந்தா வாரேன்."

சித்திரையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று அப்போது லைனில் இருந்த குழந்தைக்கும் புரிந்தது. கொஞ்ச நேரம் மழைத்தூறல் தகரத்தில் விழுகிற சத்தம்.

"ஏங்க, வாங்க. ஆறிப்போச்சுன்னா வெறைச்சுப்போகும்."

"இந்தா வாரேன்."

மறுபடி அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தோம். அவள் கூப்பிடவில்லை. மூடியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, அவரிடம் இல்லை, தனக்குப் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு தோழியிடம் சொல்வது போல, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"வரமாட்டாரு. நீயாவது குடி."

வடிகஞ்சியை வேரில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் பூவும் நின்றுவிட்டது.

வேலாயுதம் களைக்கொட்டை ஊன்றி எழுந்தார். வீட்டுக்குள் நுழைந்து பின்வாசலுக்குப் போனார். அங்கே யார் இருக்கப் போகிறார்கள், பூ இருந்தது, கல் இருந்தது, நனைந்த சேலைகள் இருந்தன. கல்லின் மேல் உட்கார்ந்தார். சாயங்காலமும் அவள் கூப்பிட்டாள், முன்வாசலில் அவர் குரல் பதில் சொன்னது, அவள் மூடியை வைத்தாள், நீயாவது குடி என்றாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தான் இங்கேயே இருப்பதை அவளிடம் சொல்ல ஒரு வழியும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது எங்களுக்கெல்லாம் வெறும் பழமொழி.

அப்போது தவசிதான் வந்தான். தட்டிக்கு அப்பால் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"மச்சான், நான் வெட்டினது தப்புதான். ஆனா ஒண்ணு. வெட்டின எடத்துலருந்து வந்த இந்தத் துளிரெல்லாம் இந்த வருசத்துத் தண்டு. நீங்கதான சொல்லுவீங்க, இந்த மழையில வளர்றது வர்ற கோடைக்குப் பூக்கும்னு. இது இப்ப கேட்டுக்கிட்டுத்தான் நிக்குது."

வேலாயுதம் முதல்முறையாக அந்தத் துளிர்களை உற்றுப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு, அவரைச் சுற்றி, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தவசி போட்ட கவாத்து அவ்வளவு நல்ல கவாத்து.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்னாலேயே அவர் பங்களாவிலிருந்து இறங்கி வந்துவிட்டார். வழியில் யாரிடமும் நிற்கவில்லை, முன்வாசல் செடிகளை நின்று பார்க்கவில்லை. நகக்கண்ணில் இருந்த மண் போகிற வரைக்கும் கல்லடியில் கையைத் தேய்த்துக் கழுவினார். "பூங்காவனம், சோறு வடிச்சிட்டியா?" என்று சுவருக்கு மேலே குரல் கொடுத்தார். அந்த மாதிரி அவர் கேட்டு நாங்கள் கேட்டதில்லை. அவள் உலையிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றை, ஆவி பறக்கப் பறக்க, மேலே ஒரு கரண்டி ரசம் ஊற்றித் தட்டோடு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை வைத்துக்கொண்டு கல்லின் மேல் காத்திருந்தார்.

"ஏங்க, சோறு ஆறுது" என்றது பூ.

முன்வாசலில் நீலப்பூக்கள், "இந்தா வாரேன்" என்றன.

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு பெரிய கவளமாக வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் வாயைத் திறந்து, ஆ என்று காற்றை உள்ளே இழுத்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மார்கழியிலிருந்து வராத தண்ணீர், வந்தபிறகு நிற்கவில்லை, ரசத்தோடு கலந்து தட்டிலேயே விழுந்தது. தவசி ஓடிவரப் பார்த்தான், பூங்காவனம் கையை நீட்டித் தடுத்தாள்.

"வரமாட்டாரு" என்றது பூ. "நீயாவது குடி."

வேலாயுதம் இன்னொரு கவளத்தை எடுத்து விழுங்கினார். பிறகு துளிர்களின் பக்கம் முகத்தைத் திருப்பி, அவை ஓர் எழுத்தைக்கூடத் தவறவிட்டுவிடக் கூடாது என்பது போல நிதானமாக, உரக்கச் சொன்னார்.

"சுடுது, செல்லாயி."